கீழ்க்குரல் பாடிற்று

நாலைந்து பேர் ஓர் அறையில் கூடி வாசிக்கும் மேனாட்டுச் சங்கீதத்தில், ஸெல்லோவுக்கு வெகு காலம் பெரும்பாலும் வாய்த்த உத்தியோகம், பிடில் பாட, அதன் கீழே நின்று மந்தர ஸ்வரத்தைத் தாங்குவதுதான். முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் இவ்வாத்தியத்தின் குரலோ மனிதரின் கனத்த சாரீரத்தை ஒத்தது. அதைப் பாடவிடாமல் வைப்பது அநியாயமல்லவா?

1828-ம் வருஷம் வியன்னாவில் ஷூபர்ட் ஐந்து வாத்தியங்களுக்கு ஓர் உருப்படி எழுதினார். மோஸார்ட் இரண்டு வயோலாக்களை வைத்த இடத்தில், இவர் இரண்டு ஸெல்லோக்களை வைத்தார். ஒன்று கீழே தாங்குமாகையால், மற்றது விடுதலை பெற்றது. முதற் பகுதியில் ஓரிடத்தில் இரண்டுமே இணைந்து பாடுகின்றன. தாங்கும் வேலை வயோலாவுக்குப் போய்விடுகிறது! இரண்டாம் பகுதியிலோ, ஒரு ஸெல்லோ நடுக்குரல்களோடு நெடுமூச்சாய் இழைய, மற்றொன்றின் தந்தியை விரல் மெல்ல மீட்டுகிறது. நள்ளிரவில் யாரோ நடந்து செல்வதுபோல் இருக்கிறது.

பதிப்பாளருக்கு வேண்டியிருந்தவை பாட்டுக்களும் பியானோ உருப்படிகளுமே. அவ்வருஷம் நவம்பரில், 31-வது வயதில், ஷூபர்ட் காலமானார். 1850-ல்தான் அது சபையேறியது. அதைக் கேட்கும் பாக்கியம் படைத்தவருக்குக் கிட்டவில்லை.

நமக்குக் கிட்டியிருக்கிறது. கேட்கும்போது, நேயர்களே, மேலே பாடும் பிடிலைச் சற்று விட்டுவிட்டு, கீழே மீட்டும் அந்த விரலைத் தொடர்ந்து செல்லுங்கள்.