வேகம் பழியன்று

பல்கலைக்கழக வாழ்விலே அடிக்கடி நம் செவியில் விழும் தீர்ப்பு ஒன்றுண்டு. விடுதி அறையிலே மாணவன் ஒருவன் மின்கிற்றார்க் கலைஞர் ஒருவரின் இசைப்பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பான். சுரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாயும். அவ்வழியே வரும் கற்றறிந்தார் ஒருவர் கணப்பொழுது நின்று கேட்பார். "இது இசையன்று, வித்தை, வெறும் வேகம்" என்று கூறிவிட்டு அப்பாற் செல்வார். மாணவனும் நாணி ஒலியைக் குறைத்துக்கொள்வான். விசாரணையின்றி வழங்கப்பட்ட அத்தீர்ப்புக்கு எதிராக எழுதப்படும் மேன்முறையீடே இக்கட்டுரை.

மின்னல் வேகக் கிற்றார் வாசிப்பை மேனாட்டார் 'ஷ்ரெட்' என்பர். துண்டு துண்டாகக் கிழித்தல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். 1978ஆம் ஆண்டில் எடி வான் ஹேலன் 'இரப்ஷன்' என்னும் தனிவாசிப்பிலே, இரு கைவிரல்களாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறையை உலகறியச் செய்தார். அது இரண்டு நிமிடம்கூட நீளாதது. 1984இல் சுவீடன் நாட்டு இங்வி மால்ம்ஸ்டீன், பாக், பாகனீனி முதலியோரின் செவ்வியல் நடையை மின்கிற்றாருக்குக் கொணர்ந்தார். ஆயின் இவ்விருவருக்கும் முன்னரே அவ்வழியை வகுத்தவர்களுள் தலையாயவர் ஜோன் மக்லாப்லின். 1942இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலே பிறந்த இவர், 1969இல் மைல்ஸ் டேவிஸின் இசைப்பதிவுகளிலே வாசித்துப் புகழெய்தினார். 1971இல் 'மகாவிஷ்ணு ஓக்கஸ்ட்ரா' என்னும் குழுவை நிறுவினார். பின்வந்த கிற்றார்க் கலைஞர் பலருக்கு வேகத்தின் அளவுகோலாய் அமைந்தது அவருடைய வாசிப்பே.

அவ்வேகம் எத்தகையது என்பதைக் கணக்கிட்டு நோக்குதல் நன்று. நிமிடத்துக்கு 180 அடி செல்லும் காலப்பிரமாணத்திலே, ஓரடிக்கு நான்கு சுரம் வாசிப்பின் விநாடிக்குப் பன்னிரண்டு சுரம் ஒலிக்கும். அவை ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் இடக்கை விரல் மெட்டிலே அமரும் கணமும், வலக்கை மீட்டி தந்தியைத் தொடும் கணமும் ஒன்றாதல் வேண்டும். நூலிழையளவு பிசகினும் சுரம் மங்கும். இதனை நாள்தோறும் பல மணி நேரம், பல்லாண்டு பயின்ற பின்னரே ஒருவர் கைவரப் பெறுவர். "வெறும்" என்ற அடைமொழியைக் கையாளுமுன் கற்றறிந்தார் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

வேகம் மிகுந்தால் உணர்ச்சி குன்றும் என்பது அவர்கள் கூறும் முதற் குற்றச்சாட்டு. இதனைத் தமிழ் கற்றோர் கூறுவது எமக்கு வியப்பளிக்கின்றது. புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்திய எம்முன்னோர் ஆசுகவியையே முதலில் வைத்தனர். ஆசு என்பது விரைவு. கொடுத்த பொருளில், கொடுத்த கணத்தில் பாடும் ஆற்றலுக்காகவே காளமேகத்தைப் போற்றினோம். அருணகிரிநாதரின் சந்தங்கள் நாவைத் திணறடிக்கும் விரைவின. அவற்றைப் பத்தியற்ற வித்தை என்று எவரேனும் பழித்ததுண்டா? ஒரே வேளையிலே பற்பல வினாக்களுக்கு விடையிறுக்கும் அவதானக் கலையிலே சிறந்த மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையைச் 'சதாவதானி' என்றே இன்றும் வழங்குகின்றோம். நாவின் விரைவுக்குப் பட்டம் சூட்டிய சமூகம், விரலின் விரைவைக் கண்டு முகஞ்சுளிப்பது எந்நியாயம் பற்றியது?

வேகமாக வாசிப்போர் யாவரும் கலைஞர் என யாம் வாதிக்கவில்லை. மால்ம்ஸ்டீனின் பின்னே புறப்பட்ட கூட்டத்திலே விரலன்றி வேறொன்றும் இல்லாதார் பலர் இருந்தனர். ஆனால் அவர்தம் குறை சொல்வதற்கு ஒன்றுமின்மையே. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர் மெதுவாக வாசித்தாலும் அக்குறை தீராது. கேட்போர்க்குத் துன்பம் நீளும், அவ்வளவே. யாப்பறிந்து கருத்தற்றுப் பாடுவோர் உளர் என்பதற்காக யாப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார் இலர்.

மக்லாப்லினை இக்கட்டுரைக்கு யாம் தேர்ந்ததற்கு வேகத்தினும் மேலான காரணம் ஒன்றுண்டு. மேற்கே அவரை வேகத்தில் வெல்வார் அரியராயிருந்த அக்காலத்திலேயே, தமக்குத் தாளம் போதாது என்று உணர்ந்து அவர் மாணவராய் அமர்ந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் வயலினில் எல். சங்கர், தபேலாவில் சாகிர் ஹுசைன், கடத்தில் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' என்னும் குழுவை அமைத்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1975இல் அரங்கொன்றிலே நேரடியாகப் பதிவாகி 1976இல் வெளிவந்தது.

அவ்வயலின் கலைஞரின் வரலாறு எமக்கு அண்மையானது. யாழ்ப்பாணத்திலே இசை கற்பித்த வி. இலக்ஷ்மிநாராயணரின் புதல்வர் அவர். சிறுபராயத்தை யாழ்ப்பாணத்திலே கழித்தவர். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. உலகை வியக்கவைத்த அக்குழுவின் வயலின் ஒலியிலே, நாம் காக்கத் தவறிய ஒரு வீட்டின் சாதகமும் கலந்திருந்தது.

சக்தியில் வாசிப்பதற்கென மக்லாப்லின் தம் கிற்றாரையே மாற்றி அமைத்தார். வீணையிலே மெழுகின்மேல் உயர்த்திப் பதித்த மெட்டுகளுக்கிடையே தந்தி தாழ இடமுண்டு. ஆதலால் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிக்க இயல்கின்றது. கிற்றாரின் கழுத்துப் பலகை தட்டையானது, அவ்வளவு இடந்தராது. எனவே மெட்டுகளுக்கிடையிலுள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்து, சுருதிக்கெனக் குறுக்கே ஏழு தந்திகளையும் பூட்டிய புதியதொரு கிற்றாரைச் செய்வித்துக்கொண்டார். வேகத்தைக் காட்டுவது மட்டுமே நோக்கமாயின் இவ்வுழைப்பு வேண்டியதில்லை. சுரத்துக்குச் சுரம் தாவுவது போதாது, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள வழியும் வேண்டும் என்று கருதியவரின் செயல் அது. கொன்னக்கோலை முறையாகக் கற்ற அவர், விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷுடன் சேர்ந்து 2007இல் அதனைக் கற்பிக்கும் ஒளிப்பதிவையும் வெளியிட்டார். 2023இல், தமது எண்பத்தோராம் அகவையில், சக்தியின் பெயரால் மீண்டும் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது. ஐம்பது ஆண்டு நீடிக்கும் செல்வாக்கு வெறும் வித்தையால் வருவதன்று.

மின்கருவி அந்நியமானது, இயந்திர ஒலியுடையது என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஏற்றுப் பயின்றமையால் இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், மின் மாண்டலினை ஏந்திச் சென்னை அரங்குகளில் ஏறியபோது பதின்மூன்று வயதும் நிரம்பாத சிறுவர். எண் தந்தி மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றிக் கமகத்துக்கு இணங்கவைத்தவர் அவர். அவருடைய வேகத்தையும் பழித்தவர் இருந்தனர். பழித்தவர் பெயர் இன்று எவர் நினைவிலும் இல்லை. பின்னாளிலே மக்லாப்லினோடு ஒரே மேடையில் அமர்ந்து ஈடுகொடுத்து வாசித்த ஸ்ரீநிவாஸ், 2014இல் நாற்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார்.

ஈழத்தில் இதற்குச் சான்று வேண்டுவோர் தவிற்கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை எண்ணிப் பார்க்க. 1933இல் பிறந்து, சக்தியின் முதல் இசை பதிவான அதே 1975ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். ஒரு கையின் விரல்களிலே கூடுகள், மறுகையிலே கழி. இவற்றைக் கொண்டு அவர் எழுப்பிய சொற்கட்டுகளின் விரைவும் தெளிவும் தமிழகத்து நாதசுரப் பேரறிஞரையும் அவரைத் தேடச் செய்தன. அவர் மறைந்து நாற்பது ஆண்டின் பின், 2015இல், அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். வேகம் வெறும் வித்தையாயின் இத்தனை காலம் எதிரொலிக்குமா?

இதுவரை கூறியவற்றைப் பல மாணவர் மகிழ்ந்து ஏற்பர். இனிக் கூறப்போவது அவர்களையும் நோக்கியது.

யான் மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டம் ஒன்றிலே பிறந்தவன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவிலே ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது முழங்கும் தவிலே எனக்கு இசையின் முதற்பாடம். ஆயினும் அதற்கும் முன்னர், நினைவு தெரிந்த நாள் முதல் என் செவியில் நின்றது தப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழி நடந்து, வழியிற் பலரைப் பலிகொடுத்து மாத்தளையை அடைந்த எம் முன்னோர் தம்முடன் கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று அது. விடியற் காலையில் பிரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்துக்கு அடித்ததும், இறந்தவரைக் காடுவரை கொண்டு சென்றதும் அதுவே. கோயிலுக்கு ஓரடி, திருமணத்துக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி எனப் பிரித்தறியும் இலக்கணம் அதற்குண்டு.

எம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் காமன் கூத்து நாளிலே சருகுத் தீயில் தப்பைக் காய்ச்சிப் பதம் பார்ப்பார். ஒரு கையில் குறுந்தடி, மறுகையில் மெல்லிய மூங்கிற் சிம்பு. ஆடுவோர் காலடி நான்கு நான்காகச் செல்ல, அவருடைய சிம்பு அதனை மூன்று மூன்றாகப் பிரித்து ஓடும். இரண்டும் நெடுந்தூரம் பிரிந்து சென்று, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலே ஒரே அடியாக வந்து விழும். அந்நடைக்குத் திஸ்ரம் என்று பெயர். மக்லாப்லின் அதனை ஆசிரியரிடம் அமர்ந்து கற்றார். எம் பெரியவர் அப்பெயரை அறியார். அவர் கை அறியும். அவருடைய வேகத்தை வியந்து எழுதியவர் ஒருவரும் இலர். எழுதத் தெரிந்த நாங்களும் எழுதவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கலைவிழா ஒன்றிலே யான் கண்டதைக் கூறுவேன். மண்டபத்துள்ளே மின்கிற்றார்க் குழுவுக்கு மேடையும் ஒலிவாங்கியும் ஒளிவிளக்கும் இருந்தன. கலைஞர் பெயர்கள் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்தன. தோட்டத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தப்புக்குழு விருந்தினரை வாயிலிலிருந்து மண்டபப் படிவரை அழைத்து வந்தது. படியோடு அதன் பணி முடிந்தது. நிரலிலே 'வரவேற்பு' என்ற ஒரு சொல்லே இருந்தது. அன்று கிற்றாரின் வேகத்துக்குக் கைதட்டிய கைகளுள் என் கைகளும் இருந்தன. வாயிலிலே அதனினும் கடினமான கணக்கு ஒன்று அடிக்கப்பட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. கவனியாமைக்குக் காரணம் செவியன்று. தப்பை அடிப்பவரைச் சாதியால் அளந்து, அவர் தோலைத் தொடுவதை இழிவென்று எண்ணிய பழைய நோய் இன்னும் எம்முள்ளே இருக்கின்றது. கற்றறிந்தார் கிற்றாரைப் பழித்ததும், மாணவர் தப்பை மறந்ததும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்: கருவியையும் ஆளையும் பார்த்த பின்னரே காதைத் திறத்தல்.

மக்லாப்லினைப் போற்றுவோர் அவருடைய விரலை மட்டும் போற்றினால் அவரைப் பாதியே அறிந்தவராவர். உலகின் வேகமான கைகளை உடைய ஒருவர், கடத்தையும் கொன்னக்கோலையும் தேடி வந்து மாணவரானார். அவர் கடல் கடந்து தேடிய தாளத்தின் உறவு இரத்தோட்டையிலும் உக்குவெலையிலும் எல்கடுவையிலும் ஒலிக்கின்றது. பேராதனையிலிருந்து அங்கே செல்லக் கடல் கடக்க வேண்டியதில்லை, பேருந்து போதும்.

ஆதலால் இத்தமிழ்ச் சங்கத்தாரிடம் யான் வேண்டுவன மூன்று. அடுத்த கலைவிழாவிலே தப்பிசைக்கு மேடையில் முழுமையான தனிநிகழ்ச்சி அளிக்கப்படுக. அதனை இசைப்போரின் பெயர்கள் ஏனைய கலைஞர் பெயர்களோடு ஒரே எழுத்தளவில் நிரலில் அச்சிடப்படுக. மாத்தளைத் தோட்டங்களில் வாழும் முதிய தப்பிசைக் கலைஞரிடம் எஞ்சியுள்ள அடிவகைகளை, அவர்கள் வாழும்போதே, மாணவர் சென்று ஒலிப்பதிவு செய்து குறிப்பெழுதுக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

எம் பெரியவர் இன்று இல்லை. அவர் அடித்த அந்தத் திஸ்ரக் கணக்கைத் திரும்ப அடிக்கக்கூடியவர் எம் தோட்டத்திலே ஒருவர்தாம் எஞ்சியுள்ளார். அவருக்கும் வயது எழுபதைக் கடந்துவிட்டது.