பூட்டு நம்முடையது, சாவி யாரிடம்?

ஒரு மில் தொழிலாளி வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மகளின் படிப்புக்காகத் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறார். விசையை அழுத்தினால் அது வேலை செய்ய மறுக்கிறது. "முதலில் எங்கள் கம்பெனியில் கணக்குத் திற, பிறகு உள்ளே வா" என்கிறது. பணம் கொடுத்தவர் தொழிலாளி. வாசலில் நிற்பதோ கம்பெனியின் காவல்காரன்!

இது கற்பனையல்ல. அமெரிக்க ஏகபோகக் கம்பெனியான மைக்ரோசாப்ட், 2021 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 11-ன் வீட்டு உபயோகப் பதிப்புக்கு இந்த நிபந்தனையை விதித்தது. 2022-ல் சொந்த உபயோகத்துக்கான 'புரோ' பதிப்புக்கும் அதை நீட்டியது. கணக்கில்லாமல் நுழைய விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிகளையும் 2025-ல் அடைக்கத் தொடங்கியது. பழைய விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றன. வீடுகளுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதற்கும் கணக்குத் திறந்தாக வேண்டும்!

கைப்பேசியின் கதையும் இதுவே. ஆண்ட்ராய்டு போனில் கணக்கில்லாமல் பேசலாம். ஆனால் கூகுளின் பிளே ஸ்டோரிலிருந்து ஒரு செயலியைக்கூட இறக்க முடியாது. ஆப்பிள் கம்பெனியின் கடையிலும் இதே சட்டம்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? கூகுள், மெட்டா ஆகிய கம்பெனிகளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் தேடுவது, பார்ப்பது, போகுமிடம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கோக்கும் நூல்தான் கணக்கு. பண்ணையார் நெல்லை அளந்தார். இவர்கள் நம் வாழ்க்கையை அளக்கிறார்கள்.

"ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். சங்க உறுப்பினர் பட்டியல் குற்றப் பட்டியலா? இல்லை. அதற்காக அதை மானேஜரின் கதவில் ஒட்டுவோமா? "போன் தொலைந்தால் கணக்கு உதவுமே" என்பதும் உண்மைதான். வேண்டுவோர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். விருப்பம் வேறு, நிர்ப்பந்தம் வேறு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் இலாகாக்களுக்கே விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. வேலியே பயிரை மேயலாம் என்று சட்டமே எழுதிக் கொடுத்தால் பயிரை யார் காப்பது?

கம்பெனிகள் அசைக்க முடியாத மலைகளா? இல்லவே இல்லை! நுகர்வோர் அமைப்புகள் நெருக்கியதால், 2025-ல் ஐரோப்பாவில் மைக்ரோசாப்ட் அந்த ஓராண்டு நீட்டிப்பை இலவசமாக்கியது. கணக்கு நிபந்தனை நீங்கவில்லை. ஆனால் குரல் எழும்பிய இடத்தில்தான் கம்பெனி இறங்கி வந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள், எந்தக் கம்பெனியிடமும் கணக்குக் கேட்காத லினக்ஸில் படிக்கிறார்கள்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: காசு கொடுத்து வாங்கிய கருவி கணக்கில்லாமலே இயங்க வேண்டும். சர்க்கார் சலுகைகளும் கூலியும் பெற, கைப்பேசிக் கணக்கைக் கட்டாயமாக்கக் கூடாது. நமது பள்ளிகளுக்கும் சுதந்திர மென்பொருள் வர வேண்டும்.

தோழர்களே! மில் கேட்டில் நம் மடியைத் தடவிச் சோதித்தபோது தலைகுனிந்து நின்றோமா? இன்று சட்டைப் பைக்குள்ளேயே கேட் வந்துவிட்டது. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். நம் வீட்டுச் சாவி நம் கையில்தான் இருக்க வேண்டும்!