பியரியின் வடமுனைவு: சான்றா, சலுகையா?

ஒரு கூற்று பன்முறை அச்சேறிவிட்டால் அது வரலாற்று உண்மையாகிவிடும் என்னும் எண்ணம் கற்றோரிடத்தும் ஆழ வேரூன்றியுள்ளது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் பொறியியலாளரான றொபேட் பியரி 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆந் திகதி வடமுனைவை அடைந்தார் என்னும் கூற்று அத்தகையது. பாடநூல்கள் அதனைப் போதித்தன. பொது அறிவு நூல்கள் அதனை ஒரு வரியிலே தந்தன. மாணவர் அதனை மனனஞ் செய்தனர். அக்கூற்றுக்குச் சான்று யாது என வினவப்படும் போதெல்லாம் பியரியின் அஞ்சாமையும் விடாமுயற்சியுமே விடையாகத் தரப்பட்டு வந்துள்ளன. வீரம் வேறு, சான்று வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்க மறுத்தமையே இவ்விவகாரத்தின் மூலக் கோளாறாகும்.

பியரியின் உழைப்பை எவரும் மறுப்பதற்கில்லை. 1886 ஆம் ஆண்டு முதல் கிறீன்லாந்துப் பனிவெளியிலே அவர் மேற்கொண்ட பயணங்கள் பல. உறைபனியால் தம் கால்விரல்களிற் பெரும்பாலானவற்றை இழந்த பின்னரும் அவர் வடதிசை நோக்கிச் செல்வதைக் கைவிட்டாரல்லர். 1909 ஆம் ஆண்டு மார்ச் 1 ஆந் திகதி கொலம்பியா முனையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 1 ஆந் திகதியளவில் அவருடைய குழு 87 பாகை 47 கலை வட அகலக்கோட்டை எட்டியது என்பதும் ஐயத்துக்கு இடமற்றது. கப்பற்றலைவர் பாட்லெற் தாமே கருவி கொண்டு அதனை அளந்திருந்தார். பிணக்கெல்லாம் அதற்கப்பால் எஞ்சிய ஏறத்தாழ 133 கடல்மைற் றூரத்தைப் பற்றியதே.

வடமுனைவின் இயல்பை விளங்கிக்கொள்ளாது இப்பிணக்கை விளங்கிக்கொள்ள இயலாது. தென்முனைவு நிலத்தின் மேலுள்ளது. 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆந் திகதி அங்கு சென்ற அமுண்ட்சன் ஒரு கூடாரத்தை விட்டு வந்தார். அடுத்த மாதம் அவருடைய போட்டியாளரான ஸ்கொற் அதனைக் கண்டார். போட்டியாளரே சாட்சியாக அமைந்த பின்னர் பிணக்குக்கு இடமேது? வடமுனைவோ கடலின் மேல் மிதந்து நகரும் பனித்தளம். அங்கு நாட்டப்படும் கொடி சில நாள்களிலேயே வேறிடம் சென்றுவிடும். ஆதலின், அங்கு சென்றவர் கொண்டுவரும் கணிப்பேடும், அவருடன் சென்று தாமும் கணித்தறிந்தவரின் சாட்சியமுமே சான்றாக முடியும். பியரி இதனை அறியாதவரல்லர். அறிந்திருந்தும் அவர் செய்தது யாது?

இறுதிக் கட்டத்திலே, தம்மைத் தவிர அகலக்கோட்டைக் கணித்தறியும் பயிற்சி பெற்றிருந்த ஒரேயொருவரான பாட்லெற்றை அவர் திருப்பி அனுப்பினார். எஞ்சியோர் அவருடைய நெடுநாள் உதவியாளரான கறுப்பின அமெரிக்கர் மத்தியூ ஹென்சனும், ஊற்றா, எகிங்வா, சீக்லூ, ஊக்கேயா என்னும் இனூயிற்றினர் நால்வருமே. சாட்சி சொல்லவல்லவர் அகன்றதும் பயணத்தின் வேகம் வியக்கத்தக்கவாறு மாறுகின்றது. பாட்லெற் உடனிருந்த காலத்திலே, திறந்த நீர்ப்பரப்பினால் தடைப்பட்டிருந்த நாள்களைக் கழித்துக் கணித்தாலும், முன்னேற்றம் நாளொன்றுக்குச் சராசரி 13 கடல்மைலுக்கு மேற்படவில்லை. அவர் திரும்பிய பின்னரோ ஐந்தே பயணங்களில் ஏறத்தாழ 130 கடல்மைல் கடக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. அதாவது, நாளொன்றுக்கு 26 கடல்மைல். ஏப்ரல் 7 ஆந் திகதி பிற்பகல் முனைவை விட்டுப் புறப்பட்டவர்கள் 23 ஆந் திகதி கொலம்பியா முனையை அடைந்தனர். அந்த 413 கடல்மைலுக்கும் அதே வேகத்தையே கொள்ளவேண்டியுள்ளது.

சுமை குறைந்தது, சிறந்த நாய்கள் எஞ்சின, பனித்தளம் சீரடைந்தது, மீளும்போது பழைய தடம் உதவியது எனப் பியரியின் ஆதரவாளர் காரணங் கூறுவர். இவை கருதத்தக்க காரணங்களே. அத்தகைய வேகம் இயலவே இயலாது என்று எவரும் ஐயத்துக்கிடமின்றி நிறுவியதுமில்லை. ஆயின், இயலக்கூடியது என்பதும் நிகழ்ந்தது என்பதும் ஒன்றல்ல. அளக்கத் தெரிந்த கண்கள் அகன்ற அதே நாளில் வேகம் இரட்டித்தது என்றால், அதற்கு வழக்கத்தினும் வலிய ஆதாரத்தைக் கேட்பது பொறாமையன்று; அறிவின் கடமை.

அத்தகைய ஆதாரம் கிடைத்ததா? தாம் செல்லும் நெடுங்கோட்டைப் பியரி பயணத்தின் எக்கட்டத்திலும் கணித்தாரல்லர். திசையறி கருவியின் விலகலையும் அளந்து பதிந்தாரல்லர். நகரும் பனியின் மேல், காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் ஈர்க்க, நானூறு கடல்மைலுக்கு மேற்பட்ட தூரத்தை இடவல விலகலை அளக்காமலே கடந்து ஒரு புள்ளியைச் சென்றடைந்ததாகவே அவர் கூற்று அமைகின்றது. அவருடைய நாட்குறிப்போ ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்க்கின்றது. முனைவை அடைந்துவிட்டதாகக் கூறும் புகழ்பெற்ற குறிப்பு, கட்டப்பட்ட ஏட்டின் பக்கத்தில் எழுதப்படவில்லை. இடையிலே செருகப்பட்ட தனித்தாளிலேயே காணப்படுகின்றது. முனைவின் அயலிலே கழித்ததாகச் சொல்லப்படும் ஏறத்தாழ முப்பது மணித்தியாலங்கள் பற்றி அவ்வேடு ஏதும் கூறவில்லை. ஒருவர் தம் வாழ்நாளிற் கால் நூற்றாண்டை எந்த நாளுக்காகச் செலவிட்டாரோ, அந்த நாளைப் பற்றியே அவருடைய ஏடு மௌனஞ் சாதிக்கின்றது.

பியரியின் செயலினும் கண்டிக்கத்தக்கது அதனை ஆராய்ந்ததாகக் கூறியோரின் செயலாகும். 1909 ஆம் ஆண்டு நவம்பரிலே அவருடைய பதிவுகளைப் பரிசீலித்து ஏற்றது நஷனல் ஜியோகிரபிக் சங்கத்தின் மூவர் குழு. அப்பயணத்துக்குப் பணம் உதவியதும் அதே சங்கமே. தாம் பணமிட்ட முயற்சிக்குத் தாமே நீதிபதியாவது எந்த நியாயத்தின்பாற்பட்டது? அவர்கள் கருவிகளைப் பார்வையிட்ட முறை மேலும் விசித்திரமானது. வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே பெட்டி திறக்கப்பட்டது, உள்ளிருந்தவை மேலோட்டமாகப் பார்க்கப்பட்டன, பரிசோதனை முடிந்தது. 1911 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசின் உபகுழு விசாரித்தபோதே இவை வெளிவந்தன. அவ்விசாரணையில் நாட்குறிப்பைக் கண்ட உறுப்பினர் அதன் தூய்மையைக் கண்டு வியந்தனர். கொழுப்பிறைச்சி உண்டு, கைகழுவ நீரின்றிப் பல வாரங்கள் பனியிற் பயணஞ் செய்தவரின் ஏட்டிலே அதற்குரிய அழுக்கைக் காணவில்லை. ஆயினும் அதே ஆண்டிலே பியரி றியர் அட்மிரல் பதவியுடன் ஓய்வு பெற்றார். ஏடோ நெடுங்காலம் குடும்பத்தாரின் அனுமதியின்றி எவரும் காணவியலாததாய் இருந்தது.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. பியரி தம் வெற்றியை 1909 செப்டெம்பர் 6 ஆந் திகதி அறிவிப்பதற்கு ஐந்து நாள் முன்னரே, 1908 ஏப்ரல் 21 ஆந் திகதி தாம் வடமுனைவை அடைந்ததாக வைத்தியர் பிரெடரிக் குக் அறிவித்திருந்தார். பத்திரிகைகள் இரு கட்சியாயின: நியூயோர்க் ஹெரல்ட் குக்கின் கதையை வெளியிட்டது, நியூயோர்க் டைம்ஸ் பியரியின் பக்கம் நின்றது. குக்கின் கூற்று விரைவில் வீழ்ந்தது. அவர் அனுப்பிய ஆவணங்களிலே சான்று எதுவுமில்லை என 1909 டிசெம்பரில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் தீர்ப்பளித்தது. 1906 இல் அலாஸ்காவின் மக்கின்லி சிகரத்தின் உச்சியை அடைந்ததாக அவர் கூறியதும் பொய்யென்பது தெளிவாயிற்று. குக் வீழ்ந்ததும் உலகம் பியரிக்கு முடிசூட்டியது. இங்கேதான் தருக்கத்தின் பெரும் வழு நிகழ்ந்தது. ஒரு வழக்கிலே இருவர் உரிமை கோர, ஒருவர் பொய்யர் எனக் கண்டால் மற்றவர் மெய்யர் ஆகிவிடுவாரா? இருவருமே அங்கு செல்லாதிருந்திருக்கலாம் என்னும் மூன்றாவது முடிவை எவரும் எண்ணிப்பார்க்க விரும்பவில்லை.

சாட்சிகள் விடயத்திலே கையாளப்பட்ட இரட்டை அளவுகோல் இன்னும் வேதனைக்குரியது. குக்குடன் சென்ற எற்றுக்கிஷூக், ஆவெலா என்னும் இனூயிற் இளைஞர் இருவரும், நிலம் கண்ணுக்குப் புலப்படாத தொலைவுக்குத் தாம் சென்றதில்லை எனக் கூறினர் என்பதைப் பியரியின் தரப்பினர் 1909 ஒக்டோபரிலே பெரும் ஆதாரமாக வெளியிட்டனர். அங்கே இனூயிற்றின் சொல் சான்றாயிற்று. பியரியுடன் சென்ற நால்வரோ வரலாற்று நூல்களிலே பெயரும் அற்ற துணைவராயினர். தம் வாழ்வை அப்பயணங்களுக்கு அளித்த ஹென்சனுக்குப் பியரி பெற்ற புகழில் ஒரு சிறு பங்கேனும் அன்று கிட்டவில்லை. 1937 ஆம் ஆண்டிலேயே ஆய்வுப் பயணிகள் கழகம் அவரை உறுப்பினராக்கியது. எதிரியை வீழ்த்தப் பயன்படும்போது சாட்சி, புகழைப் பங்கிடும்போது சுமைதூக்கி: அவ்வாண்டுகளின் நிறவெறி இவ்வாறே செயற்பட்டது.

பிற்கால ஆய்வுகள் பியரியை மீட்டுவிட்டன என்பர் சிலர். 1989 ஆம் ஆண்டிலே, அதே நஷனல் ஜியோகிரபிக் சங்கத்தின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த ஓர் அமைப்பு, ஒளிப்படங்களின் நிழல்களை அளந்து அவர் முனைவுக்கு மிக அருகே சென்றார் என முடிவுகூறியது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் அதே சங்கத்தின் சஞ்சிகையிலே எழுதிய வலி ஹேபேட், நாட்குறிப்பை நேரிற் பரிசீலித்து, பியரி முனைவை அடையாதிருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவரோ தாமே நாய்ச்சறுக்கு வண்டியில் ஆட்டிக் சமுத்திரத்தைக் கடந்தவர். 2005 ஆம் ஆண்டு ரொம் அவெரியின் குழு, பியரியின் வண்டிகளைப் போன்றவற்றுடன் 36 நாள் 22 மணித்தியாலத்தில் முனைவை அடைந்தது. மொத்தக் காலத்தைப் பொறுத்தவரை இது பியரிக்குச் சாதகமே. எனினும், எந்த ஐந்து நாளிலும் அக்குழு 90 கடல்மைலுக்கு மேற் கடக்கவில்லை, மீண்டதோ விமானத்தில். பிணக்குக்குரிய அந்த ஐந்து நாள்களும் மீள்பயணமும் இன்னும் விளக்கமின்றியே நிற்கின்றன.

ஆதலின், பியரி பொய்யுரைத்தார் என்று தீர்ப்பளிப்பது இங்கு வேண்டப்படுவதன்று. அவர் தாமே ஏமாந்திருக்கவுங்கூடும். நிறுவும் பொறுப்பு உரிமை கோருபவரையே சாரும். அவர் அதனை நிறைவேற்றவில்லை என்பதே நேர்மையான முடிவு. 1926 மே 12 ஆந் திகதி நோர்ஜ் வான்கப்பலில் அமுண்ட்சனும் எல்ஸ்வேத்தும் நொபிலேயும் முனைவின் மேலாகச் சென்றனர். 1968 ஏப்ரல் 19 ஆந் திகதி பனிமோட்டார் வண்டிகளிற் சென்ற பிளைஸ்ரெட்டின் குழுவின் இருப்பிடத்தை மேலே பறந்த விமானம் உறுதிசெய்தது. ஐயத்துக்கு இடமற்ற பதிவுகள் இவையே. பாடநூல்கள் பியரியின் பெயரை நீக்கவேண்டியதில்லை. அப்பெயருக்குப் பின்னால் “அடைந்தார்” என்பதற்குப் பதிலாக “அடைந்ததாகக் கூறினார்” என்று எழுதினாற் போதுமானது. அந்த ஒரு சொல்லை மாற்றத் தயங்கும் கல்வி, மாணவருக்கு வரலாற்றையன்று, வழிபாட்டையே கற்பிக்கின்றது.