படம் எங்கே போச்சு?

பழைய வேர்ட் ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் திறக்கிறீர்கள். எழுத்தெல்லாம் பத்திரம். படம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு காலிக் கட்டம், சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. 'ஃபைல் கெட்டுப் போச்சு சார்' என்று ஆபீஸே கூடித் தீர்ப்பு சொல்லிவிடும். கொஞ்சம் பொறுங்கள். காணாமல் போகும் படங்களில் இரண்டு ரகம். ஒன்று, வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருப்பது. இன்னொன்று, வீட்டுக்குள் வரவே வராதது.

ஒளிந்திருப்பதைப் பிடிப்பது சுலபம். படத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிகிறதா? பாராவின் லைன் ஸ்பேஸிங் 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும். 'சிங்கிள்' ஆக்குங்கள், முழுசாக எழுந்து நிற்கும். வெறும் கட்டம்தானா? ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய், 'ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, 'டாக்எக்ஸ்' ஆக ஸேவ் செய்து, பெயரின் வாலை 'ஸிப்' என்று மாற்றித் திறவுங்கள். 2007-லிருந்து வந்த டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஸிப் மூட்டைதான். உள்ளே 'வேர்ட்', அதற்குள் 'மீடியா' என்று ஒரு ஃபோல்டர். ஃபைலுக்குள் படம் இருந்தால் அங்கேதான் குடியிருக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் இரண்டாவது ரகம். அந்தக் காலத்து ஃப்ளாப்பியின் கொள்ளளவே 1.44 எம்பி. ஃபைல் பெருக்கக் கூடாதென்று பலர் 'லிங்க் டு ஃபைல்' போட்டு, படத்தின் விலாசத்தை மட்டும் எழுதிவைத்தார்கள். கம்ப்யூட்டர் மாறினால் விலாசம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

எதிர் ஃப்ளாட் மாமா 1999-ல் தன் குடும்பக் கதையை இப்படித்தான் வேர்டில் எழுதியிருந்தார். அவர் அம்மாவின் ஒரே போட்டோ அதில் ஸ்கேன் பண்ணிப் போட்டது. ஒரிஜினல், 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவோடு ஊறிக் கூழாகிவிட்டது. ஃபைலைத் திறந்தால் பாட்டி இருந்த இடத்தில் சிவப்புக் குறி. 'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ', அதில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்'. விலாசம் தெரிந்தது: சி டிரைவ், மை டாகுமென்ட்ஸ்.

"மாமா, அந்தப் பழைய கம்ப்யூட்டர் எங்கே?"

"பரண்ல கிடந்துதுப்பா. காலையிலதான் காயலான் கடைக்காரன் கேட்டான்னு எடுத்து வாசல்ல வெச்சேன்."

நான் வாசலுக்கு ஓடிய வேகத்தில் பி.டி. உஷாவே ஒதுங்கி வழிவிட்டிருப்பார். நல்லவேளை, பேரம் படியாமல் பெட்டி அங்கேயே இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டினோம். பாட்டி மூக்குத்தியோடு வந்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதே 'எடிட் லிங்க்ஸ்' ஜன்னலில் 'சேஞ்ச் சோர்ஸ்' மூலம் புது விலாசம் காட்டி, 'ஸேவ் பிக்சர் இன் டாகுமென்ட்' என்பதில் டிக் போடுங்கள். படம் அன்றுமுதல் ஃபைலோடு நிரந்தரவாசி. கையோடு ஒரு பி.டி.எஃப். காப்பியும் எடுத்துவையுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை பழைய பெட்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்!