புட்குழிப் பிள்ளைகள் பறக்கட்டும்!

காஞ்சிக்கு மேற்கே, பாலுசெட்டிச் சத்திரத்தின் அருகே உள்ளது திருப்புட்குழி. அப்பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் காணும் பத்து அகவைப் பிள்ளையிடம் அதன் பொருளைக் கேட்டால் என்ன விடை வரும்? புள் என்பது பறவை. புள்ளும் குழியும் புணருங்கால் ளகரம் டகரமாய்த் திரிந்து புட்குழி ஆயிற்று. சடாயு என்னும் புள்ளுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் அஃதென்பது அவ்வூர்க் கோயில் கூறும் கதை. ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பொருள் அறியாதிருப்பது படிப்பாகுமா?

பொருள் தேடிப் படிக்கும் பழக்கத்தை விளையாட்டாகவே ஊட்டலாம். பிரித்தானியப் பொது நூலகங்களில் 1999 முதல் கோடை விடுமுறைதோறும் ஒரு கருப்பொருளை முன்வைத்து, ஆறு நூல்களைப் படிக்குமாறு பிள்ளைகளுக்கு அறைகூவல் விடுக்கின்றனர். தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறுநூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளாய் வகுத்தது. நான்கும் நற்றமிழ் வினைகள். நான்காம் படி புட்குழிக்கென்றே அமைந்தது போலும்!

ஆயினும், எத்தனை நூல் முடித்தாய் என எண்ணிப் பரிசு ஈவது ஏடு புரட்டுவதையே வளர்க்கும். ஒன்றைத் தேடிச் செல்லும் வேட்கையே அறைகூவலின் உயிர்.

திருப்புட்குழியில் முதல் திங்களுக்குப் 'புள்' எனப் பொருள் வைக்கலாம். நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்ட சத்திமுற்றப் புலவரையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் பிள்ளைகள் படிக்கட்டும். பின்னர் ஏரிக்கரையில் தாம் கண்ட பறவைகளின் பெயர்களைப் பாட்டியரிடம் கேட்டு எழுதட்டும். அடுத்த திங்களுக்கு 'நூல்'. இழைக்கும் சுவடிக்கும் ஒரே பெயர் வைத்த மொழியன்றோ தமிழ்! பாவு, ஊடை, கோர்வை எனத் தறிச்சொற்களைத் தொகுத்து வரும் நெசவாளர் வீட்டுச் சிறுமி அன்று வகுப்பிற்கே கற்பிப்பவள் ஆவாள்.

பத்து முதல் பதின்மூன்று அகவையே மொழிக்கு இடர்மிக்க பருவம். பாட்டிக் கதைகள் சலித்துவிடும். பெரியோர் நூல்கள் எட்டா. அப்பொழுது தமிழ்நூல் கைக்கு வாராதாயின், படிக்கும் ஆர்வம் ஆங்கிலத்தின்பாற் சென்றுவிடும். சென்றது எளிதில் மீளாது.

நூல்களுக்கு எங்கே போவது என்பார் உளர். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலேற்றி ஊரூராய்க் கொண்டு சென்றனர். 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. இன்றும் வீட்டுவரியோடு நூலக வரியும் மக்கள் செலுத்துகின்றனர். அவ்வரியின் பயன் பூட்டிய பேழைக்குள் உறங்கலாகாது.

ஆசிரியர் பேழையைத் திறக்கட்டும். பெற்றோர் மாலையில் கால்நாழிகை தறியை நிறுத்தி, பிள்ளை படிப்பதைக் கேட்கட்டும். எழுத வல்லோர் அப்பருவத்தினர்க்கென நல்ல தமிழில் எழுதட்டும். பறவையின் பெயர் தாங்கிய ஊரில் பிள்ளைகள் பறப்பதற்குச் சிறகு வேறெங்கும் இல்லை; தாய்மொழி நூலின் ஏடுகளே அச்சிறகுகள்.