சுவரும் சித்திரமும்

‘சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடலைப் பேணுதல் வேண்டும் என்பதை உணர்த்தவே அவர்கள் இதனைக் கூறினராயினும், இக்கிழமை நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இஃது இனிது பொருந்துவதாகும். பழைய நிழற்படங்களைக் கணினியில் ஏற்றி, நிரல் நூலகம் ஒன்றின் துணைகொண்டு அவற்றைத் துலக்கும் முறையே அப்பொருள்.

உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் ‘பைதன்’ என்னும் நிரல் மொழியைக் கற்கின்றனர். இதனை அறிந்த அம்மம்மா, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து மங்கிப்போன கலியாணப் படத்தை எடுத்து வந்து, “தம்பி, இதைக் கொஞ்சம் துலக்கித் தா ராசா” என்று கேட்பது இயல்பே. அப்படம் அவருக்கு எத்தகையது என்பதைப் பிள்ளை முதலில் உணர்தல் வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு ஒரு படமே எஞ்சியிருக்கின்றது. அதன் மூலச்சுருளும் இல்லை. அதனை எடுத்த ஸ்ரூடியோவும் இல்லை. ஆதலின், செய்வது இன்னதென்று அறிந்து செய்தலே அறிவுடைமையாம்.

கணினியின் கண்ணுக்குப் படம் என்பது யாது? எண்களின் அடுக்கேயன்றி வேறில்லை. 1957ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் தேசிய நியமப் பணியகத்திற் கடமையாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தைச் ‘சீக்’ என்னும் கணினியினுட் புகுத்தினார். அப்படம் பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட சதுரமாக, மொத்தம் 30,976 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்றே பதிவாயிற்று. இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் அதிற் காணாமற் போயின. அக்குறையை நீக்குதற்கு அவர் அதே படத்தை வெவ்வேறு வெளிச்ச எல்லைகளிற் பலமுறை வருடி, அப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார்.

இன்று நாம் கையாளும் படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக மூன்று எண்கள் உள. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவை அவை குறிக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும். 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உடைய படமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால், 1,200 புள்ளி அகலமும் 1,800 புள்ளி உயரமுமாக 21,60,000 புள்ளிகள் கிடைக்கும். கேர்ஷ் பெற்ற புள்ளிகளைப் போல் இது ஏறத்தாழ 70 மடங்காகும். 600 புள்ளி வீதம் வருடினாலோ தொகை மேலும் நான்கு மடங்காகும். வருடும்போது விடுபட்ட நுணுக்கத்தைப் பின்னர் எந்த நிரலும் மீட்டுத் தாராது என்பதை மாணவர் மனத்திற் பதித்தல் நன்று.

இவ்வெண்களை ஒவ்வொன்றாக நாமே மாற்றப் புகுந்தால் ஆயுள் போதாது. ஆகவே, அடிக்கடி வேண்டப்படும் செயல்களையெல்லாம் முன்னரே எழுதித் தொகுத்து வைத்துள்ளனர் அறிஞர். இத்தொகுப்பே நிரல் நூலகம் எனப்படும். பைதன் மொழியிற் படங்களைக் கையாளுதற்கென 1990களில் பிரெட்ரிக் லுண்ட் என்பவர் ஒரு நூலகத்தை ஆக்கினார். அதன் இறுதிப் பதிப்பு 2009இல் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாக 2010இற் கிளைத்ததே ‘பில்லோ’ என்னும் நூலகம். விலையின்றிக் கிடைக்கும் இதனையே பள்ளி மாணவரும் பெரும் நிறுவனத்தாரும் ஒருங்கே பயன்படுத்துகின்றனர்.

படத்தை ஏற்றுதற்குரிய கட்டளை ‘ஓப்பன்’ என்பது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டளை இட்டவுடன் படம் முழுவதும் வாசிக்கப்படுவதில்லை. தபாற்காரர் கடித உறையின் மேல்விலாசத்தை மட்டும் பார்ப்பது போல, நூலகமானது கோப்பின் தலைப்பகுதியை நோக்கி, இஃது எவ்வகைப் படம், இதன் அகல உயரம் யாவை என்பவற்றை மட்டும் அறிந்துகொள்ளும். புள்ளிகள் உண்மையில் வேண்டப்படும்போதே கடிதம் பிரிக்கப்படும். ஆதலாற் பழுதுற்ற கோப்பொன்று ‘ஓப்பன்’ கட்டளையின்போது பேசாதிருந்து, அடுத்த கட்டளையின்போது பிழை காட்டுதல் கூடும். ‘திறந்ததே, பின் ஏன் பிழை?’ என்று மயங்குவோர்க்கு விடை இதுவே.

இனி, நிறப்படத்தைச் சாம்பல் நிறப் படமாக்கும் ‘கொன்வேட்’ கட்டளையை நோக்குவோம். மூன்று எண்களையும் கூட்டி மூன்றாற் பிரித்தாற் போதாதோ எனின், போதாது. சிவப்பு 200, பச்சை 30, நீலம் 30 உடைய குங்குமப் புள்ளியையும், சிவப்பு 30, பச்சை 200, நீலம் 30 உடைய இலைப் புள்ளியையும் எடுத்துக்கொள்க. சராசரி கண்டால் இரண்டும் 87 என ஒரே சாம்பலாகிவிடும். ஆயின் நம் கண்ணுக்கோ பச்சையே மிக்க ஒளியுடையதாகத் தோன்றும். எனவே, பில்லோ நூலகம் சிவப்பில் ஆயிரத்துக்கு 299 பங்கும், பச்சையில் 587 பங்கும், நீலத்தில் 114 பங்கும் எடுத்துக் கூட்டும். அவ்வாறு கணித்தாற் குங்குமம் 81 ஆகவும், இலை 130 ஆகவும் வேறுபட்டு நிற்கும். கறுப்பு வெள்ளைப் படத்திற் பொட்டும் வாழையிலையும் தனித்தனியே தெரிதற்கு இக்கணக்கே காரணம்.

அம்மம்மாவின் படம் மங்கியதன் காரணமும் எண்களிலே புலப்படும். நல்ல படத்திற் கடுங்கறுப்பு 0ஐயும் தூய வெள்ளை 255ஐயும் அணுகி நிற்கும். மங்கிய படத்திலோ மிகக் கரிய புள்ளி 90 ஆகவும், மிக வெளிய புள்ளி 190 ஆகவும் ஒடுங்கிவிடும். ‘ஓட்டோகொன்ராஸ்ற்’ என்னும் கட்டளை இவ்வொடுக்கத்தை இழுத்து விரிக்கும். ஒவ்வோர் எண்ணிலுமிருந்து 90ஐக் கழித்து, 255ஆற் பெருக்கி, 100ஆற் பிரித்தலே அதன் வழி. 90 என்பது 0 ஆகும். 190 என்பது 255 ஆகும். நடுவில் நின்ற 140 என்பது ஏறத்தாழ 128 ஆகும். சேலையின் கரையும், மாலையின் பூவும், முகத்தின் புன்னகையும் மீண்டும் துலங்கும்.

ஆயினும் இங்கே ஓர் எல்லையுண்டு. முன்பிருந்த 101 படிகளே இப்பொழுது இடைவெளிவிட்டு நிற்கின்றன. புதிய படியொன்றும் பிறக்கவில்லை. சிறிய முகத்தைப் பெரிதாக்கும்போதும் நூலகமானது அயற்புள்ளிகளைக் கொண்டு இடைப்புள்ளிகளைக் கணித்து நிரப்புமேயன்றி, அங்கில்லாத கண்ணிமையைக் கண்டு தாராது. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் மங்கிய முகத்தைக் கூர்மையாக்கித் தருகின்றன என்பது மெய்யே. ஆனால், அவை பல்லாயிரம் பிற முகங்களைக் கற்று ஊகித்து வரையும் முகம் அது. அழகாயிருக்கலாம், நம் பாட்டனார் முகமாயிருத்தல் உறுதியன்று. அத்தகைய படத்தைச் சுவரில் மாட்டுவோர், இஃது ஊகப்படம் என்று பின்புறத்தில் எழுதிவைத்தல் வருங்காலத்தார்க்குச் செய்யும் கடனாகும்.

சித்திரத்தைப் பற்றி இவ்வளவும் கூறினோம். இனிச் சுவரைப் பற்றிக் கூறுவோம். பில்லோ நூலகத்திற் ‘ரீசைஸ்’ என்னும் கட்டளை புதிய படமொன்றை ஆக்கித் தரும். பழையது அவ்வாறே இருக்கும். ‘தம்னெயில்’ என்னும் கட்டளையோ ஏற்றப்பட்ட படத்தையே சுருக்கிவிடும். அதன்பின் ‘சேவ்’ கட்டளையைப் பழைய கோப்பின் பெயருக்கே இட்டால், 21 இலட்சம் புள்ளிகள் இருந்த இடத்திற் சில ஆயிரம் புள்ளிகளே மிஞ்சும். போனவை போனவையே.

‘ஜேபெக்’ என்னும் கோப்பு வகையிலும் எச்சரிக்கை வேண்டும். 1992ஆம் ஆண்டு நியமமாக வெளிவந்த இம்முறை, படத்தை 8க்கு 8 புள்ளியுடைய கட்டங்களாகப் பகுத்து, கண் எளிதில் உணராத நுணுக்கங்களைக் கழித்துக் கோப்பைச் சிறிதாக்கும். நண்பர்க்கு அனுப்புதற்கு இது சாலச் சிறந்தது. ஆனால், திருத்துவதும் சேமிப்பதும் மீண்டும் திருத்துவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் கழிவு நேரும். வேலை முடியும்வரை இழப்பில்லாத ‘பீஎன்ஜி’ அல்லது ‘ரிஃப்’ வகையிற் சேமித்தலே தக்கது.

பழைய கடிதங்களையும் உறுதிகளையும் வருடுவோர், எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று கறுப்பு வெள்ளை என இரண்டே நிறமாக மாற்றுவதுண்டு. அவ்வாறு மாற்றும்போது எல்லைக்கு இப்பால் நின்ற மெல்லிய எழுத்துகள் தாளோடு தாளாய் மறைந்துவிடும். கேர்ஷ் 1957இற் கண்ட அதே இடர் இது. வாசிப்பதற்கு அத்தகைய பிரதியை ஆக்குக. காப்பதற்கு நிறப்பிரதியை வைத்துக்கொள்க.

பிரதி ஒன்றே இருப்பதன் ஆபத்தை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இலக்கமுறை நூலகத்தார், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக வருடிப் பாதுகாத்து வருகின்றனர். அப்பெரும்பணியின் சிறுவடிவத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாணவன் அல்லது மாணவி செய்யக்கூடும்.

செய்முறை இதுவே. படத்தை 600 புள்ளி வீதம் நிறத்தில் வருடுக. பின்புறத்திற் பெயரோ திகதியோ இருப்பின் அதனையும் வருடுக. அக்கோப்புகளை ‘மூலம்’ என்னும் உறையிலிட்டு, இரண்டாம் பிரதியை வேறொரு வீட்டில் வைக்குக. நிரல் எழுதும்போது மூலத்திலிருந்து வாசித்து, வேறு பெயரிலேயே எழுதுக. படத்திலிருப்போர் யார் யார் என்பதை அம்மம்மாவிடமே கேட்டு எழுதிக்கொள்க. அந்த எண்களை மட்டும் எந்த நூலகமும் கணித்துத் தாராது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: சிவப்பு 100, பச்சை 150, நீலம் 50 உடைய புள்ளியின் சாம்பல் அளவு யாது? முதலிற் கையாற் கணித்துப் பின்னர் நிரலாற் சரிபார்க்குக. இரண்டும் 124 எனப் பொருந்துமாயின், அம்மம்மாவின் படத்தைத் தொடுதற்குரிய தகுதியின் முதற்படியை ஏறிவிட்டீர்கள் எனலாம்.