தாய்க்கட்சிக்கே 'வேண்டாம்' சொன்ன பிள்ளைகள்



போன மாதம் கேன்டீனில் ஒரு வாக்குவாதம். "இளைஞரணின்னா என்னடா? கொடி கட்டணும், தலைவர் வந்தா கோஷம் போடணும், அவ்வளவுதானே" என்றான் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்வதற்குள் பெல் அடிச்சிடுச்சு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 'யூசோஸ்' என்றொரு இளம் சோசலிஸ்டுகள் அணி உண்டு. 14 வயது முதல் 35 வரை உள்ளவர்களுக்கானது. 2018-இல் தாய்க்கட்சி, ஏஞ்சலா மெர்க்கலின் பழமைவாதக் கட்சியோடு மறுபடியும் கூட்டணி சேரக் கிளம்பியது. அணித் தலைவர் கெவின் கூனெர்ட்டுக்கு அப்போது வயது 28. "கூடாது" என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். காரணம், கூட்டணி வேண்டுமா என்பதை உறுப்பினர்களின் ஓட்டுக்கே விட்டிருந்தது கட்சி. "சேருங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்பதுதான் கோஷம். ஓட்டுக்கு முன் 24,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்ந்தார்கள். (எல்லாரும் எதிர்க்கவே வந்தார்கள் என்று சொல்ல முடியாது!)

முடிவு? 66 சதவீதம் ஆதரவு, 34 சதவீதம் எதிர்ப்பு. தோத்துட்டாங்க. ஆனால் எதிர்த்தவரைக் கட்சி தூக்கி எறியவில்லை. 2019-இல் அவரைத் துணைத் தலைவர்களில் ஒருவராக்கியது. எனக்குப் பிடித்தது இதுதான்.

அதற்காக அவர்களை ஒரேயடியாகப் புகழவும் மனசு வரவில்லை. கெர்ஹார்ட் ஷ்ரோடர் நம்மைப் போலத் தொழில் பழகியவர். கடையில் பயிற்சியாளராக இருந்து, இரவுப் பள்ளியில் படித்து வக்கீலானார். 1978-இல் இதே அணியின் தலைவர். 1998-இல் நாட்டின் பிரதமர் ஆனார். 2003-இல் வேலையில்லாதோர் உதவித்தொகைக் காலத்தைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அவரேதான்! எதிர்த்தவர்களில் அவருடைய பழைய அணியும் உண்டு. ஓலாஃப் ஷோல்ஸும் அப்படித்தான். 1980-களில் அணியின் துணைத் தலைவர். 2018-இல் கூட்டணி வேண்டும் என்ற பக்கம். நாற்காலி ஏறினா ஆள் மாறிடுறாங்க. அப்போது கீழே நின்று கேள்வி கேட்க அடுத்த செட் பசங்க இருக்கணும். இளைஞரணி எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான் என்பேன்.

எங்கள் ஊர் இளைஞரணிக்குப் பேர் கொடுக்கச் சொல்லி சித்தப்பா ஆறு மாதமாக விரட்டுகிறார். "கொடுக்கிறேன் சித்தப்பா, ஆனா அங்கே ஒரு விஷயத்துக்கு வேண்டாம்னு கை தூக்க முடியுமா?" என்று கேட்டேன். விசாரிச்சுச் சொல்றேன் என்று போனவர்தான், இன்னும் வரவில்லை.